கொடியில் காயும் பைகள்

வேலைக்குக் கிளம்பும் முன் பாலித்தீன் பைகளைக் கழுவிப் பால்கனிக் கொடியில் கிளிப் போட்டு மாட்டி வைப்பது புருலின் அன்றாட வேலைகளில் ஒன்று. அதற்கு முன்னால் மாமியாருக்கு மாத்திரை கொடுக்க வேண்டும், எல்லோருக்கும் தேநீர் ஊற்ற வேண்டும், குளியலறைக் குழாயில் வெந்நீர் வரும்வரை வீணாக ஓடும் தண்ணீரை வாளியில் பிடித்துக் கழிவறைக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். அந்த வாளியில் அவள் கணவன் சபார் வாரம் ஒரு முறையாவது கால் இடறிக்கொள்வான். "இந்த வாளி ஒரு நாள் என்னைக் கொல்லத்தான் போவுது" என்பான். நான்கு வருஷமாக இதே வசனம்.

அவளுக்கு நாற்பத்தொன்பது வயது. பிஷ்கேக்கில் ஒரு மருத்துவமனையில் ரத்தம் எடுக்கும் வேலை. ஒரு நாளைக்கு நூற்றைம்பது ஊசி, நூற்றைம்பது ஜோடிக் கையுறை, அத்தனையும் பிளாஸ்டிக், அத்தனையும் குப்பைக்கு. அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து மூன்று பையைக் கழுவுவது பைத்தியக்காரத்தனம் என்று அவளுக்கே தெரியும். யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. ஆனாலும் எல்லோரும் சொன்னார்கள்.

எல்லோரையும்விட அதிகமாகச் சொன்னது மாமியார் சோனுன்தான். எழுபத்தாறு வயது. ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து, முற்றத்தில் யார் வருகிறார், யார் போகிறார் என்று நாள் முழுக்கக் கணக்கெடுப்பவள்.

"ஊர்ல மருமகளுங்க புள்ளைங்களக் குளிப்பாட்டுறாளுங்க. எனக்கு வாச்சவ பாலித்தீனைக் குளிப்பாட்டுறா. தலை துவட்டிப் பவுடரும் போட்டு விடேன்."

"போடறேன் அபா. மாத்திரையை முழுங்குங்க." வயதில் மூத்த பெண்களை அங்கே அபா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"முழுங்கறேன். அந்த மாத்திரை அட்டையும் பிளாஸ்டிக்தானே? அதையும் கழுவு."

காலையில் சொட்டச் சொட்டத் தொங்கவிட்ட பைகள் மாலையில் அவள் திரும்பும்போது உள்ளும் புறமும் மொரமொரவென்று காய்ந்திருக்கும். கடையின் பெயர் அச்சடித்த பக்கம் உள்ளே போயிருக்கும். அது எப்படி என்று யோசிக்க அவளுக்கு நேரமில்லை. மடித்து இழுப்பறையில் போட்டுவிட்டுச் சமையலுக்குப் போவாள்.

இதையெல்லாம் அவள் புத்தகம் படித்து ஆரம்பிக்கவில்லை. அவள் தங்கை அனார் ஊருக்கு வெளியே, நகரத்தின் குப்பைமேட்டுக்குப் பக்கத்துக் குடியிருப்பில் இருக்கிறாள். மேடு வருஷம் முழுக்கப் புகைந்துகொண்டிருக்கும். நான்கு வருஷத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை புருல் அங்கே போனபோது, அனார் வளர்த்த ஆடு ஒன்று செத்துப்போயிருந்தது. வயிற்றை அறுத்துப் பார்த்தார்கள். உள்ளே பை, பைக்குள் பை, கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டு. அனார் கையைக் கழுவிக்கொண்டு வந்து அக்காவுக்குத் தேநீர் ஊற்றினாள். வேலிக் கம்பி முழுக்கப் பைகள் சிக்கிப் படபடத்தன. அதில் தன் பை எது என்று புருல் தேடவில்லை. ஆனால் அவளுடையதும் அதில் இருக்கத்தான் வேண்டும். நகரத்துக் குப்பை வேறெங்கே போகும்?

அன்றிலிருந்து வாளி, துணிப்பை, கழுவிய பாலித்தீன். பாட்டில்களைச் சாக்கில் கட்டி மாதம் ஒரு முறை மினிபஸ்ஸில் ஏற்றிச் சேகரிப்பு நிலையத்துக்குக் கொண்டுபோவாள். ஓட்டுநர் முகம் சுளிப்பான். மாடிவீட்டுப் பெண்கள் அவளுக்குக் குப்பை மந்திரி என்று பெயர் வைத்தார்கள். குளிர்காலத்தில் நகரமே நிலக்கரிப் புகைக்குள் மூழ்கி எதிர்க் கட்டடம் தெரியாமல் போகும்போது, கையில் மூன்று ஈரப் பைகளோடு பால்கனியில் நிற்கும் அவளுக்கே சிரிப்பு வரும். சிரிப்பு அடங்கியதும் அயர்ச்சி வரும். நாளுக்கு நாள் சிரிப்பு குறைந்து அயர்ச்சிதான் மிஞ்சியது. யாரும் அவளுக்குக் கைதட்ட வேண்டாம். அந்த வீட்டில் ஒரு ஆள், ஒரே ஒரு ஆள், தன் பக்கம் நின்றால் போதும் என்றிருந்தது.

அந்த வருஷம் செப்டம்பரில் சோனுனுக்கு நெஞ்சுவலி வந்தது. இதயத்தில் அறுவை சிகிச்சை. பிழைப்பாளா என்று மருத்துவர்களே உதட்டைப் பிதுக்கினார்கள். பிழைத்தாள். உடம்பு தேற ஏரிக்கரையிலிருக்கும் மகள் வீட்டுக்கு அனுப்பினார்கள். டிசம்பரில் அவள் திரும்பியதும் ஆடு அறுத்து நன்றி விருந்து வைப்பதென்று மூத்த மகனும் அவன் மனைவி ராய்கானும் முடிவு செய்தார்கள். அவர்கள் வீட்டில்தான் பெரிய முற்றம் இருந்தது.

விருந்து என்றால் கேஷிக் உண்டு. வந்தவர் வெறுங்கையோடு போகக் கூடாது. தட்டில் மிஞ்சும் கறி, பொரித்த மாவுத் துண்டுகள், திராட்சை, மிட்டாய் எல்லாவற்றையும் வாரிக் கட்டி வீட்டிலிருப்பவர்களுக்கு எடுத்துப்போவதுதான் மரியாதை. அதற்காகவே மேசை மேசையாகப் பாலித்தீன் பைகளைக் கட்டுக் கட்டாக வைப்பார்கள். ஒரு விருந்துக்கு இருநூறு பை பறக்கும். கறிக்கொழுப்பு ஒட்டிய பையைக் கழுவ எந்தப் பைத்தியமும் முன்வராது. புருல்கூட முன்வரமாட்டாள்.

இந்த ஒரு விருந்தில் மட்டும், பெண்கள் பக்கத்திலாவது, பாலித்தீன் இல்லாமல் செய்துகாட்ட வேண்டுமென்று அவளுக்கு ஓர் ஆசை வந்தது. நாற்பது துணிப்பை தைத்தால் போதும். ஆனால் புதுத் துணி வாங்கித் தைத்தால் அதில் என்ன அர்த்தம்? மாமியாரின் பெட்டி ஞாபகத்துக்கு வந்தது.

வயதானவர் ஒருவர் இறந்தால், துக்கத்துக்கு வந்த பெண்களுக்கு ஆளுக்கொரு துண்டுத் துணி கொடுப்பார்கள். ஜிர்த்திஷ் என்பார்கள். அதை வாங்கி, "அவங்க வயசு நமக்கும் கிடைக்கட்டும்" என்று சொல்லி வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பெட்டியில் வைத்தால் தீர்ந்தது. யாரும் தைத்துப் போடுவதில்லை, யாரும் தூக்கி எறிவதுமில்லை. ஐம்பது வருஷமாகச் சொந்தபந்தத்தில் ஒரு சாவுகூட விடாமல் போய்வந்த சோனுனின் பெட்டியில், பூப்போட்டதும் கோடுபோட்டதுமாக நல்ல பருத்தித் துணி அடிவரை அடுக்கியிருந்தது.

"அபா பெட்டியில இருக்கற துணியை எடுத்துக்கவா?" என்று சபாரைக் கேட்டாள்.

தொலைக்காட்சியில் மல்யுத்தம் ஓடிக்கொண்டிருந்தது. "எதையாவது எடு, என்னை விடு" என்றான்.

இரண்டு மாதம் தைத்தாள். வேலை முடிந்து வந்து ஒரு பை, ஞாயிற்றுக்கிழமையில் மூன்று பை. வாருக்கு இரட்டைத் தையல். முதுகு விண்ணென்று தெறித்தது. அந்த இலையுதிர்காலத்தில் கொடியில் மாட்டிய பாலித்தீன் பைகள் உள்ளே சரியாகக் காயாமல் நாற்றமடித்தன. அதற்கும் அவள் பருவத்தைத்தான் திட்டினாள். முதல் இரண்டு நாள் அது யார் சாவுத் துணி என்று நினைவிருந்தது. பிறகு அவள் கண்ணுக்கு அளவும் வாரும் தையலும்தான் தெரிந்தன. துணி போய்ப் பை ஆகிவிட்டது. அவளைப் பொறுத்தவரை அவ்வளவுதான்.

விருந்தன்று எண்பது பேர் வந்தார்கள். ஆண்கள் ஓர் அறையில், பெண்கள் ஓர் அறையில். சோனுன் வெள்ளைத் தலைத்துணி கட்டிக்கொண்டு, வாசலுக்கு எதிரே மதிப்பான இடத்தில், திண்டுகளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இளைத்துப்போயிருந்தாலும் வாய் இளைக்கவில்லை. "எமன் வந்து பாத்தான். இவ பேச்சைக் கேக்கறதுக்கு வெறுங்கையோடயே போயிடலாம்னு போயிட்டான்" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். சிரிக்கும்போது கை மட்டும் நெஞ்சில் தையல் போட்ட இடத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தது. அவள் பயந்திருந்தாள். இரண்டு வாரமாக அவளுக்கு முதுகு தேய்த்துவிட்ட புருலுக்கு அது தெரியும்.

பைகளை மேசைமேல் கறித் தட்டுக்குப் பக்கத்தில் வைப்பதாகத்தான் திட்டம். மேசையில் விரல் வைக்க இடமில்லை. புருல் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். நாற்பத்தொன்பது வயதானாலும் இளைய மருமகள்தானே, தேநீர்க் கெண்டி அவள் கையைவிட்டு இறங்காது. ராய்கானுக்கோ எதையும் ஓரிடத்தில் சும்மா இருக்க விட முடியாது.

"எங்கடி உன் பைங்க? குடு இப்படி. நானே ஆளுக்கொண்ணா குடுத்துர்றேன்" என்று மொத்த அடுக்கையும் வாங்கி, நான்காக மடித்திருந்த பைகளை வரிசையாக ஒவ்வொரு பெண்ணின் கையிலும் வைத்துக்கொண்டே போனாள்.

முதலில் வாங்கியது ஓரத்தில் உட்கார்ந்திருந்த தூரத்துச் சொந்தக்காரக் கிழவி. மடித்த துணி, வீட்டு மருமகள் கையிலிருந்து, பெண்களுக்கு மட்டும். கிழவி இரண்டு கையாலும் வாங்கினாள், நெற்றியில் ஒற்றிக்கொண்டாள், பழகிப்போன வாய் தானாகச் சொல்லியது:

"அவங்க வயசு நமக்கும் கிடைக்கட்டும்."

அறையில் கரண்டிச் சத்தம் நின்றது. கிழவி தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள். இன்னொருத்தி மடிப்பைப் பிரித்துப் பூவைப் பார்த்துவிட்டு, "ஏ, இது நம்ம ஷார்ஷே தாத்தா சாவுக்குக் குடுத்த துணியில்ல? எங்கிட்டயும் இதே கெடக்குதே!" என்றாள்.

ராய்கான் கையிலிருந்த மிச்சப் பைகளைச் சுட்டதுபோல் கீழே போட்டாள். "அடிப் பாவி! உசுரோட உக்காந்திருக்கிற மனுஷிக்குச் சாவுத் துணி குடுக்க வச்சிட்டியேடி! அதுவும் என் கையால!"

புருல் கெண்டியோடு நின்றாள். அப்போதுதான் அவள் கண்ணுக்குப் பை போய்த் துணி தெரிந்தது. நாற்பது சாவு, தரையிலும் பெண்களின் மடியிலும். வாயைத் திறந்தாள். "பைதான் அக்கா... கறி எடுத்துட்டுப் போக..." என்றாள். அது யார் காதிலும் விழவில்லை.

சோனுன் எல்லாவற்றையும் பார்த்தாள். முகத்தில் ரத்தமில்லை. கோப்பையை நீட்டினாள். "தேத்தண்ணி ஆறிப்போச்சு. ஊத்து" என்றாள். அவ்வளவுதான். புருல் ஊற்றினாள்.

கடைக்கு ஆள் ஓடியது. இரண்டு கட்டு பாலித்தீன் வந்தது. கறியும் மிட்டாயும் சரசரவென்று அதற்குள் இறங்கின.

அதன் பிறகு புருல் வீட்டில் யாரும் வாளியைப் பற்றிக்கூடக் கேலி பேசவில்லை. கேலியே தேவலை என்று புருலுக்கு இருந்தது. சோனுன் ஜன்னலோரத்தில் பேசாமல் உட்கார்ந்திருந்தாள். மாத்திரை கொடுத்தால் முழுங்கினாள். தான் சாக வேண்டுமென்று மருமகள் நினைத்ததாகவே நம்பிவிட்டாளா என்று கேட்கப் புருலுக்குத் தைரியம் வரவில்லை. பைகளைக் கழுவுவதை மட்டும் அவள் விடவில்லை. வீம்பெல்லாம் இல்லை. கை பழகிவிட்டது.

ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், அந்த நாற்பது பைகளையும் எடுத்துவைத்துக்கொண்டு, தரை துடைக்கவாவது ஆகட்டுமென்று கத்திரியைக் கையிலெடுத்தாள்.

"ஏன் வெட்டற?" என்றது ஜன்னலோரக் குரல்.

"வேற என்ன அபா செய்யறது? எவளும் தொடமாட்டேங்கறா."

"வை. மடிச்சுப் பெட்டியில வை. எனக்கு வேணும்."

"உங்களுக்கு எதுக்கு நாப்பது பை?"

"எனக்கெதுக்கு? நான் எதைத் தூக்கப் போறேன்? வர்றவளுங்களுக்கு."

புருலுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. புரிந்ததும் கத்திரியைத் தரையில் வீசினாள். "இப்படிப் பேசாதீங்க! ஒரு மாசமா நான் தூங்கல. நான் அப்படி நினைச்சு செய்யல அபா. சத்தியமா நினைக்கல. எனக்குப் பைங்கதான் கண்ணுல இருந்துது. வேற ஒண்ணும் தெரியல."

"தெரியும்டி. நீ பையைத் தவிர என்னத்த நினைச்சிருக்க?" விருந்துக்குப் பிறகு கிழவி முதல் முறையாகச் சிரித்தாள். "பெட்டியைத் திறக்கறதுக்கு முன்ன என்னைக் கேட்டிருக்கணும்."

"கேட்டிருந்தா குடுத்திருப்பீங்களா?"

"மாட்டேன்." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "வாருக்கு ரெட்டைத் தையல் போட்டிருக்க. நல்லாருக்கு. நான் போனா உன் அக்கா ராய்கான், அந்தச் சீமாட்டி, பாலித்தீன்லதான் கறி அள்ளித் திணிப்பா. எனக்கு அது வேணாம். அசிங்கம். வை அதை."

புருல் அழுதுகொண்டே மடித்து வைத்தாள். கோபமாகத்தான் அழுதாள்.

மார்ச் கடைசியில், பனி முற்றத்தில் சேறாகிக் கிடந்த ஒரு காலையில், சோனுனின் இதயம் நின்றுவிட்டது. இந்த முறை யாரும் உதட்டைப் பிதுக்கக்கூட நேரமில்லை. ஐந்து மாடிக் கட்டடங்களுக்கு நடுவில், முற்றத்திலேயே கூடாரம் அடித்தார்கள். பெண்கள் உள்ளே உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார்கள். கொப்பரைகளில் கறி கொதித்தது. புருல் பெட்டியைத் திறந்து நாற்பது பைகளையும் கொண்டுவந்து ராய்கானிடம் கொடுத்தாள். ராய்கான் தலைத்துணி நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டு வரிசையாகக் கொடுத்தாள். ஒவ்வொருத்தியும் இரண்டு கையாலும் வாங்கினாள். நெற்றியில் ஒற்றினாள். "அவங்க வயசு நமக்கும் கிடைக்கட்டும்" என்றாள். கறியும் மாவுத் துண்டும் அந்தப் பைகளில்தான் போயின. பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு பாலித்தீன் பைகூட வெளியே போகவில்லை. புருல் ஆசைப்பட்டது அப்படியே நடந்தது. அதைத் தான் கவனித்ததை நினைக்கவே அவளுக்கு வெட்கமாக இருந்தது.

அதன் பிறகு எல்லாவற்றையும் விட்டுவிட்டாள். முடிவெடுத்து விடவில்லை, ஒவ்வொன்றாகக் கைநழுவிப் போனது. வாளி பால்கனி மூலைக்குப் போனது. "அப்பாடா, இப்பத்தான் குளியலறையில நிக்க இடம் கிடைச்சுது" என்றான் சபார். பாட்டில் சாக்கை ஒரு நாள் அப்படியே குப்பைத் தொட்டியில் தள்ளினாள். வானம் இடிந்து விழவில்லை. கடையில் பை கொடுத்தால் வாங்கினாள், வீட்டுக்கு வந்ததும் எறிந்தாள். நாற்பதாம் நாள் சடங்கும் முடிந்தது. யாரும் எதையும் கவனிக்கவில்லை. நான்கு வருஷம் அவள் செய்தது எதுவும் உலகத்துக்குத் தெரிந்ததில்லை, நிறுத்தியதும் தெரியவில்லை. அயர்ச்சியாவது போகுமென்று பார்த்தாள். அதுவும் போகவில்லை.

மே மாதத்தில் மினிபஸ்ஸில் வந்துகொண்டிருந்தாள். எதிரே மூன்றாம் மாடி மைராம்கான். குப்பை மந்திரி என்ற பட்டத்தை முதலில் சூட்டியவளே அவள்தான். மடியில் பூப்போட்ட துணிப்பை, அதற்குள் முட்டைக்கோஸும் உருளைக்கிழங்கும்.

"உன் தையல் பலே கெட்டி புருல்" என்றாள் மைராம்கான். "பத்து கிலோ தூக்கினாலும் அறுந்து விழல. சாவு வீட்டுத் துணியைப் பெட்டியில போட்டு என்ன பண்ணப் போறோம்னு கடைக்கெல்லாம் இதையே எடுத்துட்டுப் போறேன். தோள்ல மாட்டும்போதெல்லாம், சோனுன் அபா நிம்மதியா இருக்கட்டும்னு சொல்லிக்கறேன். தினமும் சொல்றேன்."

மருமகள் வாயால் மாமியார் பெயர் வரக் கூடாது. இருபத்தாறு வருஷமாகப் புருல் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. ஓடுகிற பஸ்ஸில், முட்டைக்கோஸுக்கு மேலே, அது அவ்வளவு சாதாரணமாகக் கேட்டது. "சரி" என்று மட்டும் சொன்னாள். தன் கையிலிருந்த பாலித்தீன் பையை மெல்லக் காலுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து தக்காளியைக் கொட்டினாள். பையை எறியப் போனவள் எறியவில்லை. கழுவினாள். பால்கனிக்குப் போய், காலியாகக் கிடந்த கொடியில் கிளிப் போட்டு மாட்டினாள். மாட்டும்போது பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. ஒரு பைதானே.

மறுநாள் மாலை வேலை முடிந்து வந்து எடுத்தாள். வெளிப்பக்கம் காய்ந்திருந்தது. கடையின் பெயர் வெளியேதான் இருந்தது. உள்ளே கை விட்டாள். ஈரம். ஓரத்தில் ஒரு மடக்குத் தண்ணீர் தேங்கி, லேசாக நாற்றமடித்தது.

இதுவரை அப்படி ஆனதேயில்லை. ஆகியிருக்கிறது. கிழவி ஏரிக்கரைக்குப் போயிருந்த அந்த இரண்டு மாதம்.

புருல் பையைப் பிடித்தபடி நின்றாள். மாலை மாலையாகக் கடைப் பெயர் உள்ளே போய், உள்பக்கம் வெளியே வந்து, மொரமொரவென்று காய்ந்து தொங்கிய பைகள். காற்று திருப்பியிருக்குமென்று நினைத்திருந்தாளா? அதைக்கூட நினைக்கவில்லை. பால்கனிக்கு மூன்று பக்கமும் கண்ணாடி போட்டு ஒன்பது வருஷம் ஆகிறது. அங்கே ஏது காற்று? பகலில் வீட்டில் இருந்தது ஒரே ஒரு ஆள். நெஞ்சில் தையலோடு, ஜன்னலோர நாற்காலியிலிருந்து எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து, வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டுவிட்டுப் போயிருக்கிறாள். விருந்துக்குப் பிறகு பேசாமல் இருந்த நாட்களிலும்கூட. அந்த நாட்களிலும் பைகள் காய்ந்துதான் இருந்தன.

"சொல்லியிருக்கலாமே அபா" என்றாள் புருல், காலி நாற்காலியைப் பார்த்து. "ஒரு தடவ சொல்லியிருக்கலாமே."

உள்ளேயிருந்து சபார், "யார்கிட்ட பேசற?" என்று கேட்டான். அவள் பைக்குள் கையை விட்டு, உள்பக்கத்தை வெளியே இழுத்துத் திருப்பினாள். தண்ணீர் முழங்கையில் வழிந்தது. மறுபடி கொடியில் மாட்டினாள்.